இந்திய இன்லைன் ஹாக்கி அணியில் சேர என்ன வழி? வேலூர் பக்கத்துப் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஸ்கேட்டிங் கிளாஸுக்குப் போகும் பிள்ளைகள் இப்போது நிறைய இருக்கிறார்கள். பெரும்பாலோர் ஸ்பீட் ஸ்கேட்டிங்தான். கையில் ஸ்டிக் பிடித்து இன்லைன் ஹாக்கி ஆடுகிறவர்கள் குறைவு. ஆனால் ஆட ஆரம்பித்த பிள்ளைக்கு ஆசை சீக்கிரமே பெரிதாகிவிடுகிறது. "இந்தியாவுக்கு ஆடணும், எங்கே அப்ளை பண்ணணும்?" என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் ஒருநாள் வருகிறது. அதற்கும் அதை ஒட்டி வரும் மற்ற கேள்விகளுக்கும் பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கட்டணம், கடைசித் தேதி, வயதுக் கணக்கு ஆகியவை வருடத்துக்கு வருடம் மாறும். அவற்றை மட்டும் அந்தந்த வருடத்துச் சுற்றறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்திய அணிக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாமா?

முடியாது. பணமும் மனசும் வீணாவது பெரும்பாலும் இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் உட்கார்ந்து ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பி இந்திய அணிக்குள் போகும் வழி கிடையாது. மாவட்டச் சங்கத்தில் பதிவு, மாவட்டத் தேர்வு, மாநிலப் போட்டி, தமிழ்நாடு அணியில் இடம், தேசிய சாம்பியன்ஷிப், அதற்கப்புறம் இந்திய அணிக்கான தேர்வு முகாம் என்று படிப்படியாகத்தான் போக வேண்டும்.

இந்தியாவில் இந்த விளையாட்டை நடத்துவது ரோலர் ஸ்கேட்டிங் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா. ஆர்.எஸ்.எஃப்.ஐ. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது உலக அளவில் வேர்ல்ட் ஸ்கேட் அமைப்போடு இணைந்தது. ஒரு சர்வதேசப் போட்டி வரப்போகிறது என்றால் ஃபெடரேஷன் சுற்றறிக்கை விடும். யார் தேர்வுக்கு வரலாம், எந்தத் தேசியப் போட்டியில் ஆடியிருக்க வேண்டும், எந்தத் தேதியில் பிறந்தவர்கள், முகாம் எங்கே, என்னென்ன காகிதங்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். "விண்ணப்பம்" என்று ஒன்று உண்டென்றால், அந்தச் சுற்றறிக்கைக்குப் பதிலாக உங்கள் சங்கத்தின் மூலம் போகும் பதிவுதான் அது. அதை நிரப்பும் தகுதி வருவதற்கே இரண்டு மூன்று வருட ஆட்டம் பின்னால் இருக்க வேண்டும்.

இன்லைன் ஹாக்கியும் ரோலர் ஹாக்கியும் ஒன்றுதானே?

இல்லை. ஒரே ஃபெடரேஷன் நடத்தினாலும் இரண்டும் வேறு வேறு ஆட்டம், வேறு வேறு அணி. ரோலர் ஹாக்கியில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரம் வைத்த குவாட் ஸ்கேட், சின்ன ஸ்டிக், பந்து. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக நடந்தது அதுதான். இன்லைன் ஹாக்கியில் ஒரே வரிசையில் சக்கரங்கள், ஐஸ் ஹாக்கி ஸ்டிக் மாதிரி நீளமான ஸ்டிக், பந்துக்குப் பதில் பக் என்ற தட்டையான வட்டு. களத்தில் நாலு பேர், கோல்கீப்பர் ஒருவர். ஐஸ் ஹாக்கியில் இருக்கும் நீலக் கோடுகள் இதில் இல்லை, உடம்பால் மோதித் தள்ளுவதற்கும் அனுமதி இல்லை. அதனால் ஆட்டம் நிற்காமல் ஓடும், பாஸுக்கு மதிப்பு அதிகம்.

பதிவு செய்யும்போது எந்தப் பிரிவு என்று கேட்பார்கள். கிளாஸில் சேர்த்துவிட்டு "ஹாக்கி" என்று மட்டும் சொல்லி, கடைசியில் வேறு பிரிவில் பெயர் போய்விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். தெளிவாக இன்லைன் ஹாக்கி என்று சொல்லுங்கள்.

எங்கள் பையன் இந்திய டீமுக்குத் தேர்வாகிவிட்டான், மூன்று நாளில் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். முதலில் விசாரியுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு வாழ்த்துச் செய்தி வரும். நேபாளம், தாய்லாந்து, மலேசியா, துபாய் என்று ஏதாவது ஒரு நாட்டில் "சர்வதேச சாம்பியன்ஷிப்". பையன் மாவட்ட அளவில் ஒரு பதக்கம் வாங்கியிருப்பான், அதை வைத்தே தேர்வு என்பார்கள். முதுகில் இந்தியா என்று எழுதிய ஜெர்சி, கோப்பை, சான்றிதழ், விமான டிக்கெட் எல்லாம் சேர்த்து ஒரு தொகை. அனுப்பும் அமைப்பின் பெயரில் "இந்தியன்", "வேர்ல்ட்", "ஃபெடரேஷன்" எல்லாம் இருக்கும். பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். சங்கமாகப் பதிவு செய்துகொள்வதும் பெரிய காரியம் இல்லை. நாட்டின் அணியை அனுப்பும் அதிகாரம் அதனால் வந்துவிடாது.

நான்கு விஷயங்களைப் பாருங்கள். அந்தப் போட்டி வேர்ல்ட் ஸ்கேட் அல்லது வேர்ல்ட் ஸ்கேட் ஏசியாவின் போட்டி அட்டவணையில் இருக்கிறதா? ஆர்.எஸ்.எஃப்.ஐ. அதற்குச் சுற்றறிக்கை விட்டிருக்கிறதா? நாடு முழுவதிலிருந்தும் ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டுத் தேர்வு நடந்ததா? மாநிலச் சங்கத்தின் செயலாளருக்கு இது தெரியுமா? நான்கில் ஒன்றுக்கு "இல்லை" என்று வந்தாலே அது இந்திய அணி இல்லை.

வெளிநாடு போய் நாலு மேட்ச் ஆடிவிட்டு வருவதில் தப்பில்லை. கிளப் அணியாகப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப் போனால் அது நேர்மையான பயணம், பிள்ளைக்கு அனுபவமும் கிடைக்கும். ஆனால் நகையை அடகு வைத்து, இந்தியாவுக்கு ஆடப் போகிறான் என்று தெருவுக்கே சொல்லி அனுப்பிவிட்டு, பிற்பாடு வேலைக்கோ கல்லூரிக்கோ அந்தச் சான்றிதழை நீட்டும்போது செல்லாது என்று திருப்பிக் கொடுத்தால், பதினாறு வயசுப் பிள்ளைக்கு அது பெரிய அடி. ஊரில் பல குடும்பங்கள் இதை அனுபவித்துவிட்டன. இன்னொரு குடும்பம் அனுபவிக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஆற்காட்டில். ஆதாரில் வேலூர் மாவட்டம் என்று இருக்கிறது. எந்த மாவட்டத்தில் பதிவு செய்வது?

2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் இராணிப்பேட்டையில் வருகின்றன. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூரில். குடியாத்தம், காட்பாடி, அணைக்கட்டு வேலூரிலேயே இருக்கின்றன. ஆனால் பல வீடுகளில் ஆதாரும் ரேஷன் கார்டும் இன்னும் பழைய மாவட்டப் பெயரோடுதான் இருக்கின்றன. விளையாட்டுச் சங்கங்களும் அரசு பிரித்த அதே நாளில் பிரிந்துவிடுவதில்லை.

ஆகவே பதிவு செய்வதற்கு முன்னால் மாநிலச் சங்கத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: இப்போது எங்கள் ஊருக்கு எந்த மாவட்டச் சங்கம்? அவர்கள் சொல்லும் மாவட்டத்துக்கு ஏற்ற மாதிரி ஆதார் முகவரியை முதலில் திருத்திவிட்டு, அப்புறம் பதிவு செய்யுங்கள். ஒரே வருடத்தில் இரண்டு மாவட்டத்துக்கு ஆடினால் இரண்டும் போய்விடும். வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்கள், உதாரணத்துக்கு சித்தூர் பக்கம் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள், பழைய சங்கத்திடம் தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டுதான் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

எங்கள் ஊரில் இன்லைன் ஹாக்கி கற்றுத்தர ஆளே இல்லை. ஸ்பீட் ஸ்கேட்டிங் மட்டும்தான். அதிலிருந்து வர முடியுமா?

தாராளமாக வரலாம். நன்றாக ஸ்கேட் பண்ணத் தெரிந்த பிள்ளைக்கு பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் ஸ்பீட் ஸ்கேட்டிங் சில பழக்கங்களை உடம்பில் ஏற்றிவிடும், அவற்றை இறக்க வேண்டும். பந்தயப் பாதையில் எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றுவார்கள். ஹாக்கியில் வலப்பக்கமும் அதே வேகத்தில் திரும்பணும். பந்தயத்தில் பின்னோக்கி ஓட வேண்டிய தேவையே இல்லை. ஹாக்கியில் தடுப்பாட்டக்காரர் பாதி நேரம் பின்னோக்கித்தான் ஓடுவார். பந்தயத்தில் நிற்பது கோட்டைத் தாண்டிய பிறகு. ஹாக்கியில் பத்து விநாடிக்கு ஒருமுறை நிற்கணும், திரும்பணும், மறுபடி கிளம்பணும். ஸ்கேட்டும் வேறு. ஸ்பீட் ஸ்கேட்டில் 110 மில்லிமீட்டர் சக்கரமெல்லாம் உண்டு, ஹாக்கி ஸ்கேட்டில் பொதுவாக 72 முதல் 80 மில்லிமீட்டர்தான்.

ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்தால் ஆரம்பித்துவிடலாம். ஸ்கேட்டிங் கோச்சிடம் வாரத்தில் இரண்டு நாள் ஸ்டிக்கோடு பயிற்சி கேளுங்கள். லீவு நாட்களில் சென்னையிலோ பெங்களூரிலோ அணியாக ஆடும் கிளப்புகளோடு நட்பு ஆட்டம் கேளுங்கள். காட்பாடியிலிருந்து இரண்டு ஊருக்கும் ரயில் இருப்பது நமக்கு ஒரு வசதி. சத்துவாச்சாரி பக்கத்து எளிய பயிற்சிக் கூடங்களில் பளு தூக்கிப் பழகிய பிள்ளைகளைப் பாருங்கள். அந்த ஊர் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் தங்கம் வாங்கினார். ஒரு விளையாட்டு ஒரு ஊரில் ஊன்றிக்கொள்ள பெரிய மைதானத்தைவிட விடாமல் கற்றுத்தரும் ஒரு ஆள்தான் முக்கியம்.

பயிற்சிக்கு வழவழப்பான தரை இல்லையே?

இது நம் பக்கத்தில் உண்மையான சிக்கல். சர்வதேச ஆட்டம் நடப்பது வழுக்கும் பிளாஸ்டிக் டைல்ஸ் தரையிலோ நன்றாகத் தேய்த்த தரையிலோ. சுற்றிலும் பலகைத் தடுப்பு இருக்கும். நம் பிள்ளைகள் ஆடுவது சொரசொரப்பான சிமெண்ட் தரையில். சிமெண்டில் பக் உருண்டு எழும்பும், டைல்ஸில் தட்டையாகச் சறுக்கும். முதல் தடவை டைல்ஸில் ஆடும் பிள்ளைக்கு எல்லாப் பாஸும் நீளமாகப் போய்விடும்.

சிமெண்டில் பயிற்சி செய்ய, அடியில் சின்னக் குமிழ்கள் வைத்த பக் கிடைக்கும், அதை வாங்குங்கள். வெளித்தரைக்குக் கெட்டியான சக்கரம், 80ஏ-க்கு மேலே (சக்கரம் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டும் எண் இது). உள்ளரங்குக்கு மென்மையான சக்கரம், 74ஏ, 76ஏ மாதிரி. இரண்டு செட் வைத்திருந்தால் நல்லது. மென்மையான சக்கரத்தை நம் சிமெண்டில் ஓட்டினால் ஒரே மாதத்தில் தேய்ந்துவிடும். ஸ்டிக் பழக்கத்துக்கு ஸ்கேட்டே வேண்டாம், செருப்பில்லாமல் நின்றே செய்யலாம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்கள் காலியாக இருக்கும். தெரிந்தவர் மண்டபம் என்றால் அந்த மொசைக் தரையில் காலையில் ஒரு மணி நேரம் பாஸ் பழகக் கேட்டுப் பாருங்கள். ஸ்கேட் போட மாட்டோம் என்று சொன்னால் பெரும்பாலும் விடுவார்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். ஹெல்மெட், கையுறை, பேடு எல்லாம் மாட்டிக்கொண்டு வெயிலில் ஆடவே கூடாது. காலை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள்.

தேர்வில் எதைப் பார்ப்பார்கள்?

கோல் அடிப்பதை மட்டும் பார்ப்பார்கள் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது கண்ணில் படும், உண்மைதான். ஆனால் நாலு பேர் மட்டுமே இருக்கும் களத்தில் ஒருவர் தன் இடத்தை விட்டால் உடனே ஓட்டை விழும். பக் பறிபோன அடுத்த விநாடியில் யார் திரும்பி ஓடுகிறார் என்பதைத் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பார்கள். முன்னே ஓடிக்கொண்டிருந்து அப்படியே பின்னோக்கித் திரும்ப முடிகிறதா, பக்கைக் குனிந்து பார்க்காமல் தலையை நிமிர்த்தி ஓட்ட வருகிறதா, ஸ்டிக்கின் பின்பக்கத்தால் கொடுக்கும் பாஸும் வாங்கும் பாஸும் சுத்தமாக இருக்கிறதா என்பதெல்லாம் அதற்கப்புறம்.

இன்னொன்று, களத்தை விட்டு வெளியே வருவது. இன்லைன் ஹாக்கியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்களை மாற்றுவார்கள். ஒரு நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு, மூச்சு வாங்கும் முன்னே வெளியே வந்து அடுத்தவரை அனுப்ப வேண்டும். கோல் ஆசையில் களத்திலேயே தங்கிவிடும் பிள்ளை கடைசி நேரத்தில் கால் ஓடாமல் நிற்கும். முகாமில் அது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். ஊரிலேயே நேரம் வைத்து மாற்றி மாற்றிப் பழக்குங்கள்.

தப்பாட்டம் ஆடி வெளியே உட்கார வைக்கப்படும் பிள்ளையை எந்தத் தேர்வாளருக்கும் பிடிக்காது. மீதி மூன்று பேர் அவனுக்காகவும் சேர்த்து ஓட வேண்டுமே!

என் மகள் கோல்கீப்பர் ஆக ஆசைப்படுகிறாள். அதில் வாய்ப்பு குறையுமா?

குறையாது, கூடும் என்றே சொல்வேன். அணியில் கோல்கீப்பருக்கு இரண்டு இடம்தான், ஆனால் போட்டிக்கு வருகிறவர்களும் மிகக் குறைவு. பேடு, மார்புக் கவசம், கையுறைகள், முகக் கூண்டு என்று செலவு அதிகம் என்பதால் பலரும் பின்வாங்குகிறார்கள். கிளப்பே ஒரு செட் வாங்கி வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுப்பது நல்ல வழி.

பெண் பிள்ளைகளுக்குத் தனி அணி உண்டா?

உண்டு. பெண்கள் அணி, ஜூனியர் அணி எல்லாம் தனித்தனி. நம் பக்கம் பெண் பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு ஸ்கேட்டைக் கழற்றிவிடுகிறார்கள். அந்த வயதில் தொடர்ந்து ஆடினாலே மாநில அணி எட்டும் தூரத்தில் இருக்கும். 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் ரோலர் ஸ்கேட்டிங் 3000 மீட்டர் தொடரோட்டத்தில் வெண்கலம் வாங்கிய இந்தியப் பெண்கள் நால்வரில் ஆரத்தி கஸ்தூரிராஜ், கார்த்திகா ஜெகதீஸ்வரன் இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆரத்தி மருத்துவம் படித்தவர். படிப்பு கெட்டுவிடும் என்று பயப்படும் பெற்றோருக்கு இதைச் சொல்லுங்கள்.

என்னென்ன காகிதங்கள் தயாராக இருக்க வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட், ஃபெடரேஷன் பதிவு எண், மருத்துவத் தகுதிச் சான்று, பெற்றோர் சம்மதக் கடிதம், பள்ளி அல்லது கல்லூரியின் அனுமதிக் கடிதம். சொல்வதற்குச் சின்னப் பட்டியல்தான். தகராறு வருவது முதல் மூன்றில்.

பிறப்புச் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். முதல் பிரசவம் அம்மா வீட்டில் நடந்திருக்கும், பதிவு அந்த ஊர்ப் பேரூராட்சியிலோ நகராட்சியிலோ இருக்கும். பல சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் இடமே காலியாக இருக்கும். பெயரைச் சேர்க்க, பதிவு நடந்த ஊருக்குத்தான் போக வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது வயதை முன்னே பின்னே கொடுத்திருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும். வயது மோசடியை இந்திய விளையாட்டில் கடுமையாகப் பார்க்கிறார்கள். எலும்பு எக்ஸ்ரே எடுத்து வயதைச் சோதிக்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. பிள்ளை செய்யாத தப்புக்குப் பிள்ளை தடை வாங்கக் கூடாது.

அடுத்து இனிஷியல். நமக்கு எஸ். கார்த்திக் என்றால் போதும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போடுவார்கள், அல்லது ஒரே பெயராக விட்டுவிடுவார்கள். ஒரே பெயர் மட்டும் இருக்கும் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தருவதில் ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆகவே இரண்டு இடத்திலும் பெயர் இருக்கும்படி எடுங்கள். அதே எழுத்துக் கூட்டலில் ஆதார், ஃபெடரேஷன் பதிவு, பள்ளிச் சான்று எல்லாம் இருக்கட்டும்.

பாஸ்போர்ட்டுக்கு சென்னை போக வேண்டியதில்லை, வேலூர் தலைமை அஞ்சலகத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஐந்து வருடம் அல்லது 18 முடியும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும். 15 முடிந்தவர்கள் பத்து வருடப் பாஸ்போர்ட் கேட்டு வாங்கலாம். பல நாடுகள் பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்று கேட்கும். 17 வயதுப் பிள்ளையின் பாஸ்போர்ட் இதில்தான் மாட்டிக்கொள்ளும். மாநில அணியில் பெயர் வந்த அன்றே பாஸ்போர்ட் வேலையை ஆரம்பித்துவிடுங்கள். முகாமுக்குத் தேர்வான பிறகு ஓடினால் நேரம் போதாது.

மருத்துவத் தகுதிச் சான்றை அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே கேட்கலாம். சுற்றறிக்கையில் படிவம் கொடுத்திருந்தால் அதே படிவத்தில் வாங்குங்கள்.

என் அக்கா மகன் சிங்கப்பூர்க் குடிமகன், ஓ.சி.ஐ. கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இருக்கிறது. அவன் இந்தியாவுக்கு ஆடலாமா?

2008-ல் வந்த மத்திய அரசின் கொள்கைப்படி இந்தியக் குடிமக்கள், அதாவது இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் மட்டுமே இந்தியாவுக்கு ஆடலாம் என்பதுதான் விதி. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பெற்றோரோடு இருக்கும் இந்தியப் பாஸ்போர்ட் பிள்ளைகளுக்குத் தடையில்லை, ஆனால் அவர்களும் இங்கே பதிவு செய்து தேர்வுக்கு வர வேண்டும்.

செலவை யார் ஏற்பார்கள்?

மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். ஒலிம்பிக்கில் இல்லாத இந்த மாதிரி விளையாட்டில் விமான டிக்கெட், தங்கும் செலவு, உடை எல்லாவற்றையும் ஆட்டக்காரரே கட்டிப் போவது பல முறை நடந்திருக்கிறது. முகாமுக்குத் தேர்வானதும் "யார் எதைக் கொடுக்கிறார்கள்" என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணத்தை ஃபெடரேஷனின் வங்கிக் கணக்கில் கட்டுங்கள். தனி ஆளின் கணக்கில் கட்டாதீர்கள். ரசீதை வைத்திருங்கள்.

தமிழ்நாட்டில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை, போட்டிகளுக்குப் போகவும் கருவிகள் வாங்கவும் வசதியில்லாத விளையாட்டு வீரர்களுக்கு உதவுகிறது. இணையத்தில் விண்ணப்பிக்கலாம். போட்டி முடிந்து வந்து கேட்காதீர்கள், சுற்றறிக்கை வந்ததுமே கேளுங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலரை நேரில் பார்த்தால் எந்தக் காகிதம் குறைகிறது என்று சொல்லிவிடுவார். ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக்காரர்கள், ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள் ஆகியோரிடமும் தயங்காமல் கேளுங்கள். தேர்வுக் கடிதம், செலவுப் பட்டியல், பிள்ளையின் ஆட்டப் பதிவு மூன்றையும் ஒரு கோப்பாகக் கொடுங்கள். திரும்பி வந்ததும் செலவுக் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அடுத்த பிள்ளைக்கும் கொடுப்பார்கள்.

கருவிகள் எல்லாம் புதிதாக வாங்க வேண்டுமா?

ஹெல்மெட்டும் முகக் கூண்டும் புதிது வாங்குங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். முழங்கை, கால் பேடு, கையுறை ஆகியவற்றை வளர்ந்துவிட்ட அண்ணன்மாரிடம் வாங்கிக்கொள்ளலாம். ஸ்கேட் காலுக்குச் சரியாக இருக்கணும். "வளருவான்" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் கணுக்கால் ஆடும், ஒழுங்கான திருப்பமே வராது.

மருந்து விஷயத்தில் என்ன கவனம்?

தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, அதாவது நாடா, எந்தத் தேசியப் போட்டியிலும் சோதனை எடுக்கலாம். 2022-ல் இதற்கென்றே சட்டம் வந்திருக்கிறது. பெரும்பாலும் மாட்டுவது வேண்டுமென்று எடுத்தவர்கள் மட்டும் இல்லை, சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கியவர்களும்தான். சில சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் போட்டி நேரத்தில் ஒரு அளவைத் தாண்டினால் தடை. வீக்கத்துக்கும் அலர்ஜிக்கும் கொடுக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரையும், மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் போட்டி நேரத்தில் தடை. ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் இன்ஹேலர் எடுக்கலாம், ஆனால் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது. எட்டு மணி நேரத்துக்குள் 600-ஐயும் தாண்டக் கூடாது.

டாக்டரிடம் போகும்போது "பிள்ளை தேசிய அளவில் ஆடுகிறான், சோதனை உண்டு" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அவசியமான மருந்து என்றால் முன்கூட்டியே விலக்கு அனுமதி கேட்க வழி இருக்கிறது. ஜிம்மில் விற்கும் பெயர் தெரியாத புரோட்டீன் பவுடரைத் தொடவே வேண்டாம். வேர்க்கடலையும் முட்டையும் போதும்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு வேறு என்ன?

உலகப் போட்டிகள் 2017-ல் சீனாவின் நான்ஜிங், 2019-ல் பார்சிலோனா, 2022-ல் அர்ஜென்டினா, 2024-ல் இத்தாலி என்று சுற்றிவந்திருக்கின்றன. ஐரோப்பா என்றால் ஷெங்கன் விசா. அதற்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாலிசி வாங்கும்போது போட்டி விளையாட்டில் படும் காயத்துக்கும் பணம் தருவார்களா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பயணப் பாலிசியில் அது விலக்கப்பட்டிருக்கலாம். தென் அமெரிக்கா என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அர்ஜென்டினா, பிரேசில், பராகுவே மாதிரி நாடுகளிலிருந்து அந்தச் சான்று இல்லாமல் திரும்பினால் இங்கே விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

பள்ளியில் லீவு தருவார்களா? அரையாண்டுத் தேர்வு வருகிறதே?

தேசிய சாம்பியன்ஷிப் பெரும்பாலும் டிசம்பரில் வருவதால் இந்த மோதல் வருடா வருடம் உண்டு. ஜூன் மாதமே தலைமை ஆசிரியரைப் பார்த்துச் சொல்லிவையுங்கள். மாநிலச் சங்கத்தின் கடிதத்தைக் கொடுத்து ஆன் டியூட்டி கேளுங்கள். பிளஸ் டூ வருடத்தில் முகாம் மார்ச்சில் வந்தால் பரீட்சைக்கே முதலிடம்.

சான்றிதழால் வேலைக்கும் கல்லூரிக்கும் பயன் உண்டா?

விளையாட்டு ஒதுக்கீட்டில் படிவங்களுக்கு வரிசை இருக்கிறது. இந்தியாவுக்கு ஆடியதற்கு முதல் படிவம், கையெழுத்து தேசிய ஃபெடரேஷன் செயலாளர். மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்கு இரண்டாவது, கையெழுத்து மாநிலச் சங்கச் செயலாளர். பல்கலைக்கழகத்துக்கும் பள்ளிக்கும் அடுத்த இரண்டு. எந்த வேலைக்கு எந்த விளையாட்டு பட்டியலில் இருக்கிறது என்பது அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும், அதைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஐஸ் ஹாக்கிக்கும் போகலாமா?

போகலாம். ஸ்டிக் பழக்கமும் ஆட்ட அறிவும் அப்படியே உதவும், பிரேக் பிடிப்பது மட்டும் புதிதாகக் கற்க வேண்டும். 2025-ல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியில் பெரும்பாலோர் லடாக், இமாச்சலப் பிள்ளைகள். ஆனால் அது வேறு சங்கம், வேறு பதிவு.

முகாம் வரை போய்ப் பெயர் வரவில்லை. தேர்வு சரியாக நடக்கவில்லை என்று தோன்றுகிறது. என்ன செய்வது?

முதலில் ஒரு வாரம் பிள்ளையை விட்டுவிடுங்கள். அழுதால் அழட்டும். அப்புறம் முகாமில் இருந்த பயிற்சியாளரிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "இவன் எதில் குறை, சார்?" பெரும்பாலும் நேரான பதில் கிடைக்கும். அதை எழுதி வைத்துக்கொண்டு ஊர் கோச்சிடம் கொடுங்கள்.

விதிமீறல் நடந்தது என்று உறுதியாகத் தெரிந்தால், உதாரணத்துக்கு வயது தாண்டியவரைச் சேர்த்திருந்தால், மாநிலச் சங்கத்துக்கும் ஃபெடரேஷனுக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். சுற்றறிக்கை, வருகைப் பதிவு, ரசீது எல்லாவற்றையும் இணையுங்கள். விளையாட்டு வழக்குகளுக்கென்று தனித் தீர்ப்பாயம் அமைக்க 2025-ம் வருடத்துத் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வழிசெய்திருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் திட்டி எழுதுவதால் பிள்ளைக்கு எதுவும் கிடைக்காது.

அடுத்த மாவட்டத் தேர்வுக்குப் பதிவைப் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள். முகாம் வரை போன பிள்ளைகள் மனசு விட்டு அந்த வருடம் புதுப்பிக்காமல் இருந்துவிடுகிறார்கள், அப்புறம் வரும் சுற்றறிக்கைக்குத் தகுதியே இல்லாமல் போகிறது.